ஆறேகால் மீட்டர் ராஜினாமா

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட ராஜினாமாக் கடிதங்களிலேயே தலைசிறந்தது வாலாஜாபாத் சிட்டிபாபு எழுதியதுதான். சொன்னவன் சிட்டிபாபு. சொன்ன இடம், காஞ்சிபுரம் ரங்கசாமி குளத்தருகே ஒரு டீக்கடை. சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. கேட்ட நண்பர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வாய் நிறைய பஜ்ஜி.

கடிதத்தில் ஒரே வரி. "ஆகஸ்ட் மாதக் கடைசியோடு நான் வேலையிலிருந்து விலகுகிறேன்." அதற்குக் கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கோடு கொஞ்சம் ஆடம்பரம்தான் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

"'உயர்திரு' கிடையாது, 'தாழ்மையுடன்' கிடையாது, பாத்தியா? வேலை கேட்டுப் போறவன் வளையலாம்பா, நெளியலாம். விட்டுட்டுப் போறவன் எதுக்கு வளையணும்? எங்க சங்கத்துல தினம் பாக்கறேன். மாசக்கணக்கா நெய்ஞ்சி எடுத்துக்கினு வர்ற சேலையில ஆய்வாளர் குறை சொல்லித் திருப்பிக் குடுப்பாரு. இவங்க அவருக்கே கும்பிடு போட்டு வாங்கிக்கினு போவாங்க. இன்னா நியாயம் இது? நமக்கு அதெல்லாம் ஆவாது. ஒரு வரி. ஒரு நிமிஷம். முடிஞ்சிச்சி."

நண்பர்கள் பஜ்ஜியை விழுங்கிவிட்டு ஆமாம் என்றார்கள். டீக்கும் அவன்தான் சொல்லியிருந்தான்.

சிட்டிபாபு வேலை பார்த்தது, பாலாற்றங்கரை பட்டு நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கத்தில். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் டவுன் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். அங்கே அவன் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், தற்காலிகம். ஏழு வருஷமாகத் தற்காலிகம். இப்போது ஒரகடத்தில் கார் கண்ணாடிக்கு மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்று அவனை ஸ்டோர்ஸில் எடுத்துக்கொண்டிருந்தது. நிரந்தரம். கம்பெனி பஸ் வாலாஜாபாத்தில் அவன் வீட்டு முனையிலேயே நிற்கும். அவன் மனைவி சுகாசினி இதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தெருவில் விட்டுப்போன இரண்டு வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள்.

கம்பெனி வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. பழைய இடத்திலிருந்து 'ரிலீவிங் லெட்டர்' வேண்டும். செப்டம்பர் ஒன்று, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்குள் மெயிலில் வந்துவிட வேண்டும்.

"பதினொண்ணு தாண்டினா சிஸ்டம் தானா அடுத்த ஆளுக்குப் போயிடும் சார்" என்று எச்.ஆர். பெண் போனில் சொன்னாள். பெயர் சிம்ரன், ஊர் செய்யாறு. "அதுக்கப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"இன்னா மேடம், ஒரு மாசம் இருக்குது. எனக்கு ஒரு நிமிஷம் போதும்" என்றான் சிட்டிபாபு.

ஆகஸ்ட் நாலாம் தேதி காலை, தலைசிறந்த கடிதத்தை வரவு கவுன்டரில் நீட்டினான். கவுன்டரில் புவனேஸ்வரி. நெசவாளர் கொண்டுவரும் சேலைகளைப் பதிவு செய்து உள்ளே அனுப்புவது அவள் வேலை.

"இன்னா பாபு இது?"

"ராஜினாமாக்கா."

புவனேஸ்வரி திரையைப் பார்த்தாள். மேலும் கீழும் உருட்டினாள். "சேலை இருக்குது, வேட்டி இருக்குது, பாவாடை இருக்குது. ராஜினாமா இல்லியேப்பா. இந்த லிஸ்ட்டை ஏத்தினதே நீதானே?"

"ஏத்தும்போது எனக்கு இன்னாக்கா தெரியும்? 'இதர'ல போடு."

"இதரல போட்டா தர ஆய்வுக்குப் போவும்."

"இது கடிதம்க்கா. சரக்கு இல்ல."

"தபால்ல வந்தா தபால். கையில வந்தா சரக்கு. துணைவிதி பதினாலு. நானா எழுதினேன்?"

துணைவிதி பதினாலு சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது: 'சங்கத்தினுள் கையால் கொண்டுவரப்படும் எதுவும் தர ஆய்வில் தேறிய பின்னரே வரவாகக் கொள்ளப்படும்.' அந்தக் காலத்தில் எவனோ ஒருவன் பட்டு என்று சொல்லி வேறு எதையோ கொண்டுவந்திருக்கிறான். அன்றைக்கு எழுதியது. சங்கத்தின் அறுபத்திரண்டு வருஷத்தில் யாரும் ராஜினாமா செய்ததில்லை என்பதால், அதற்கென்று ஒரு பதிவேடு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓய்வுபெற்றவர்களுக்குப் பதிவேடு இருந்தது. செத்துப்போனவர்களுக்கும் இருந்தது.

"அப்ப நான் தபால்லயே போட்டுடறேன்."

"போடு. தபால் நிர்வாகக் குழுவுக்குப் போவும். அடுத்த கூட்டம் தை மாசம்."

"சரி, ஆய்வுக்கே அனுப்புக்கா" என்றான் சிட்டிபாபு.

புவனேஸ்வரி கடிதத்தின் மூலையில் ஊசியால் துளை போட்டு, சிவப்பு நூலில் அட்டை கட்டினாள். எண் 1147. "வரிசையில நில்லு" என்றாள்.

வரிசையில் அவனுக்கு முன்னால் தில்லையம்மாள் நின்றாள். பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரி, ஐம்பது தாண்டியவள், பையில் மயில்கழுத்து நிறச் சேலை. அதே சேலை மூன்றாவது முறையாக வருகிறது.

"நீ இன்னா தம்பி இந்தப் பக்கம்? உனக்கு இன்னா சரக்கு?"

"ராஜினாமாம்மா."

"இன்னா அளவு?"

"ஒரு வரி."

தில்லையம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சின்னப் பையன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

தர ஆய்வாளர் வேணுகோபாலுக்கு முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ். வெள்ளைத் துணி விரித்த நீள மேஜை, அளவு டேப், எலக்ட்ரானிக் தராசு, கண்ணில் ஒட்டிப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி, மூலையில் ஜரிகை சோதிக்கும் மிஷின். தில்லையம்மாளின் சேலையை விரித்தார், பூதக்கண்ணாடியோடு அதன் மேல் குனிந்தார், ஒரு விரற்கடை நகர்ந்தார், இன்னொரு விரற்கடை நகர்ந்தார், "இங்க" என்றார். தில்லையம்மாள் எட்டிப் பார்த்து, "ஆமா சார்" என்றாள். அங்கே ஒன்றுமே இல்லை என்று சிட்டிபாபுவுக்குத் தோன்றியது. முத்திரை விழுந்தது: 'குறை உண்டு. சரிசெய்து மறுபடி கொண்டு வரவும்.' அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்து 1147.

"படிச்சிப் பாருங்க சார். ஒரு வரிதான்."

"படிக்கிறது என் வேலை இல்லப்பா. நான் தரம் பாக்கறவன்" என்று வேணுகோபால் டேப்பை எடுத்தார். "நீளம் இருபத்தொம்போது புள்ளி ஏழு சென்டிமீட்டர். வேண்டியது ஆறேகால் மீட்டர். குறைவு." தராசில் வைத்தார். "அஞ்சி கிராம். ஏம்பா, ஏழு வருஷ சர்வீஸை விட்டுட்டுப் போற கடிதம் அஞ்சி கிராம்னா உனக்கே நல்லாருக்குதா? ஃபேன் போட்டா பறந்துடும்." ஈரமான வெள்ளைத் துணியால் கையெழுத்தைத் தேய்த்தார். கையெழுத்து கோட்டோடு துணிக்கு மாறிவிட்டது. "சாயம் நிக்கல." கடைசியாக ஜரிகை மிஷினில் வைத்தார். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்து, கூவியது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்த டாக்டர் மாதிரி சொன்னார்: "தங்கம் பூஜ்யம். வெள்ளி பூஜ்யம்."

"கடிதத்துல எப்படி சார் வெள்ளி இருக்கும்?"

"அதை நான் கேக்கணும். எதை நம்பி இதை எடுத்துக்கினு வந்தே?"

முத்திரை விழுந்தது. சிட்டிபாபு அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். வேணுகோபால் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"முப்பத்து மூணு வருஷத்துல நான் ஒரு சேலையைக்கூட முதல் தடவை பாஸ் பண்ணதில்லப்பா. பண்ணக்கூடாதுன்னு இல்ல. நல்ல சேலைங்க எவ்ளோ வந்திருக்குது! ஆனா முதல் தடவையே பாஸ் பண்ணிட்டா, இவரு எதுக்கு இங்க உக்காந்துக்கினு இருக்காருன்னு நாலு பேரு கேப்பானா இல்லியா? நாற்காலிக்கு ஒரு நியாயம் வேணும். குறை சேலையில இருக்குதா இல்லியாங்கறது ரெண்டாவது விஷயம். அது பாக்கறவன் கண்ணுல இருக்கணும். அந்தக் கண்ணு வர்றதுக்கு எனக்குப் பத்து வருஷம் ஆச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வர்ற முப்பத்தொண்ணோட நான் ரிட்டையர்டு. அதுக்குள்ள உன்னுதை நல்லபடியா கரையேத்திடலாம். நீ கரை, உடல், முந்தி மூணும் சரியா வச்சி எடுத்துக்கினு வா."

"கடிதத்துக்கா சார்?"

"பின்ன? ரெண்டு பக்கமும் கரை, அது வணக்கம், மரியாதை. நடுவுல உடல், அது நீ சொல்ல வந்த விஷயம். அதை ரொம்ப அடர்த்தியா போடாத. கடைசியில முந்தி. முந்திதாம்பா கண்ணுக்குத் தெரியறது. சங்கத்தைப் பத்தி நாலு நல்ல வார்த்தை, ஜரிகை கெட்டியா."

அன்று மாலை சிட்டிபாபு டிசைன் போடுகிறவரிடமிருந்து கட்டம் போட்ட தாள் சுருள் ஒன்றை வாங்கிக்கொண்டு வாலாஜாபாத் போனான். கூடத்தில் விரித்தபோது அது கூடத்தைத் தாண்டி, சமையல்கட்டுக்குள் போய், காஸ் சிலிண்டரில் முட்டி நின்றது.

"இன்னாங்க இது?" என்றாள் சுகாசினி.

"ராஜினாமா."

"டீக்கடையில ஒரு வரின்னு சொல்லிக்கினு இருந்தாரே ஒருத்தர், அவரு எங்க?"

"கிண்டல் பண்ணாத. சங்கத்தோட ரூல் அது. ஒரே ஒரு தடவை அவங்க இஷ்டத்துக்குக் குடுத்துட்டா முடிஞ்சிச்சி. 'தங்கள் மேலான'க்கு அப்புறம் இன்னா வரும்?"

"என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எனக்கு எழுதினது மொத்தம் மூணு வரி" என்றாள் சுகாசினி. "சங்கத்துக்கு ஆறேகால் மீட்டரு. எழுதுங்க, எழுதுங்க. 'பேரன்பிற்கு' போடுங்க."

போட்டான். இரண்டு ஓரத்திலும் சின்ன எழுத்தில் 'வணக்கம் வணக்கம் வணக்கம்' என்று ஆறேகால் மீட்டருக்கு எழுதினான். ஆயிரத்து எண்ணூறு வணக்கம் பிடித்தது. முந்தியில் சங்கத்தைத் தாய் என்றான். இடம் மிச்சமிருந்ததால் தந்தை என்றும் சொன்னான்.

இரண்டாவது ஆய்வில் கரை கோணல். மூன்றாவதில் உடலுக்கும் கரைக்கும் கோர்வை சரியில்லை; அதாவது, வணக்கம் முடிகிற இடமும் விஷயம் ஆரம்பிக்கிற இடமும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவில்லை. நாலாவதில் எடை அதிகம். புகழ்ச்சியைக் கொஞ்சம் உருவச் சொன்னார் வேணுகோபால். ஐந்தாவதில் எடை குறைவு.

பொறுக்க முடியாமல் சிட்டிபாபு மேலாளர் கதிர்வேலிடம் போனான். கதிர்வேல் மேஜைமேல் பளபளவென்று ஒரு கேடயம் இருந்தது. 'பணியாளர் மனநிறைவு நூறு சதவீதம்' என்று பொறித்திருந்தது. கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாங்கியவர் பெயரே இருந்தது.

"உட்காருங்க சிட்டிபாபு. உங்க விஷயம் காதுக்கு வந்துச்சு. மனசுக்குக் கஷ்டமா இருக்குது. உங்களுக்காக இல்ல, சதவீதத்துக்காக. இங்க முப்பத்தாறு பேர். நீங்க போனா தொண்ணூத்தேழு சொச்சம் ஆயிடும். சொச்சத்தைக் கேடயத்துல எங்க போடறது?"

"சார், எனக்கு அங்க நிரந்தரம் சார்."

"அதுதான் சிக்கல். தற்காலிகமா சேந்தவர் தற்காலிகமாத்தான் விலக முடியும். நிரந்தரமா விலகணும்னா முதல்ல உங்களை நிரந்தரம் பண்ணணும். நிரந்தரம் பண்ணிட்டா நீங்க ஏன் விலகப் போறீங்க? பாத்தீங்களா, எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வச்சிருக்காங்க." அவர் முன்னால் சாய்ந்தார். "இந்தச் சங்கத்தை விட்டு இதுவரைக்கும் யாரும் போனதில்ல. வராம இருந்திருக்காங்க. ஸ்டோர் கீப்பர் பதினோரு வருஷமா வரல. அவர் வாயிலேருந்து ராஜினாமான்னு ஒரு வார்த்தை வந்திருக்குமா? அவ்வளவு நாகரிகமான மனுஷன். நீங்களும் வராம இருங்களேன். யாரு கேக்கப்போறா?"

"அங்க ரிலீவிங் லெட்டர் கேக்கறாங்க சார்."

கதிர்வேல் பெருமூச்சு விட்டார். "ஆய்வு முத்திரை விழட்டும். விழுந்த அடுத்த நிமிஷம் என் கையெழுத்து. நான் தடுக்கிறவன் இல்ல. இந்த அறைக்கு வந்த எதையும் நான் இதுவரைக்கும் தடுத்ததே இல்ல. வர விட்டதில்ல, அவ்வளவுதான்."

ஆறாவது முறை, ஏழாவது முறை. ஆவணி பிறந்து முகூர்த்தக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. ஏழாவது முறை கொடுத்த கடிதத்தை வேணுகோபால் சேலை மாதிரி மடித்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். காலையில் அட்டெண்டர் அதை மற்ற சேலைகளோடு அள்ளிக்கொண்டு கீழே விற்பனைக் கூடத்துக்குப் போய்விட்டார். சிட்டிபாபு தேடிக்கொண்டு ஓடியபோது மெத்தையில் விற்பனையாளர் சரத்குமார் அதை வேலூர்க் கல்யாணக் குடும்பம் ஒன்றின் முன்னால் வீசி விரித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகச் சேலை பிரித்த கை. அட்டை கட்டியிருந்தால் அது பிரித்துவிடும்.

"பாருங்கம்மா, கை வச்சிப் பாருங்க. முந்தியைப் பாருங்க, எவ்ளோ கெட்டியா வேலை செஞ்சிருக்குது."

பெண்ணின் அத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தாள். "'கனத்த இதயத்தோடு தங்கள் திருவடி நிழலிலிருந்து...' எழுத்தெல்லாம் வேற போட்டிருக்குதே. தாள் மாதிரி இருக்குது?"

"கஞ்சி அப்படிம்மா. ரெண்டு துவையல் போனா பூ மாதிரி ஆயிடும். இது லேட்டஸ்டு. கடிதப் பட்டு."

"இதே டிசைன்ல அரக்கு இருக்குதா?"

"இருக்குதும்மா" என்றார் சரத்குமார். விற்பனைக் கூடத்தில் 'இல்லை' என்று சொன்னவர் யாரும் கிடையாது. "சொல்லிட்டுப் போங்க, பதினஞ்சி நாள்ல வரவழைச்சிடலாம்."

"அண்ணே, அது என் ராஜினாமா" என்றான் சிட்டிபாபு மூச்சிரைக்க.

"அதனால இன்னா தம்பி? உன் பேரு கீழ இருக்குது பாரு. அவங்க வேணாம்னு சொல்லல."

அரக்கில் இரண்டு, மாம்பழத்தில் ஒன்று என்று ஆர்டர் பதிவாகிவிட்டது. கதிர்வேல் அவனைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். "ஓடற டிசைனை நிறுத்தக்கூடாது சிட்டிபாபு. இந்த நேரத்துல இதை ஏத்துக்கினா சங்கத்துக்கு நஷ்டம். மூணும் போகட்டும்." அத்தை மறுநாளே போன் செய்து, யோசித்துப் பார்த்ததில் கல்யாணப் பெண்ணுக்கு 'விலகுகிறேன்' வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இல்லாவிட்டால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இதற்குள் ஒரு சமாசாரம் நடந்துகொண்டிருந்தது. அது சிட்டிபாபுவுக்கே தெரியவில்லை. சுகாசினிக்குத் தெரிந்தது.

"நேத்து கல்யாணப் பத்திரிகை வந்துச்சே, யாரு கல்யாணம்னு கேட்டேன்" என்றாள் அவள். "நீங்க இன்னா சொன்னீங்க தெரியுமா? 'ஓரம் அரை நூல் இறங்கியிருக்குது'ன்னீங்க."

"இறங்கித்தான் இருந்துச்சி" என்றான் சிட்டிபாபு.

எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவதில் வேணுகோபால் காட்டுவதற்கு முன்னாலேயே அவன் விரல் வைத்து "இங்கதானே சார்?" என்றான். பதினொன்றாவதில் அவர் கவனிக்காத ஒன்றை அவன் காட்டினான். வேணுகோபால் பூதக்கண்ணாடியைத் தாழ்த்தி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்குப் பத்து வருஷம் ஆச்சுப்பா" என்றார்.

ஆகஸ்ட் முப்பது, சனிக்கிழமை, அவருக்குப் பிரிவுபசாரம். கேசரி, போண்டா, மாலை, சால்வை. சால்வையைப் போர்த்தியதும் அவர் பழக்கத்தில் அதன் ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். கதிர்வேல் சட்டென்று மைக்கைப் பிடித்தார்.

"வேணுகோபால் சாரோட இடத்துக்கு ஆள் போட அனுமதி கேட்டு எழுதியிருக்கோம். எப்ப வரும்னு தெரியாது. அதுவரைக்கும் பொறுப்பு ஆய்வாளர் ஒருத்தர் வேணும். ஒரு மாசத்துல பதினோரு தடவை ஆய்வுல நின்ன ஆள் இங்க ஒருத்தர்தான் இருக்கார். அனுபவத்துல அவரை மிஞ்ச ஆளில்ல." எல்லாரும் கை தட்டினார்கள். சிட்டிபாபுவும் தட்டினான். அப்புறம்தான் தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

கூட்டம் கலைந்ததும் கதிர்வேல் அவனைத் தனியாக அழைத்தார். மேஜைமேல் ஒரு காகிதம். ரிலீவிங் லெட்டர். டைப் அடித்து, தேதி போட்டு, கையெழுத்து இடம் மட்டும் காலியாக.

"நான் கொடுத்த வாக்கு. திங்கட்கிழமை காலையில அந்த நாற்காலியில நீங்க உட்காருங்க. உங்க கடிதத்தை நீங்களே பாருங்க, முத்திரை போடுங்க, இங்க கொண்டு வாங்க. நான் கையெழுத்துப் போடறேன். விதிப்படியே எல்லாம் ஆச்சு. எனக்கும் நிம்மதி."

சிட்டிபாபு பஸ்ஸில் போகும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். வீட்டில் சுகாசினி ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுடைய புதுச் சட்டையை மூன்று முறை இஸ்திரி போட்டாள்.

"உங்க கையிலயே இருக்குது. ஒரு நிமிஷ வேலை. போட்டுட்டுக் கிளம்புங்க" என்றாள், திங்கட்கிழமை காலை வாசலில். கண்களில் கொஞ்சம் பயம் இருந்தது. "எதையும் ரொம்ப உத்துப் பாக்காதீங்க."

"நான் இன்னா பைத்தியமா?" என்றான் சிட்டிபாபு.

ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். பன்னிரண்டாவது முறையாக எழுதிய தன் கடிதத்தை மேஜை வலது பக்கம் வைத்துக்கொண்டான். கதவைத் திறந்ததும் வரிசை உள்ளே வந்துவிட்டது. நாலைந்து பேர்தான். இவர்களை முதலில் அனுப்பிவிடலாம், இன்றைக்கு எல்லாமே பாஸ், போகிற நாளில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று தீர்மானித்தான். முதலில் தில்லையம்மாள். மயில்கழுத்துச் சேலை, ஆறாவது முறை. அவன் விரிக்கக்கூட இல்லை. 'தேறியது' முத்திரையைக் குத்தி நீட்டினான்.

தில்லையம்மாள் வாங்கவில்லை.

"இன்னா தம்பி, பாக்கல?"

"நல்லாத்தாம்மா இருக்கும். எடுத்துக்கினு போங்க."

"இருக்கும்னா? நெய்ஞ்சவ நான். இருக்குதுன்னு எனக்குத் தெரியும். பாத்துச் சொல்றதுக்குத்தானே உன்னை உக்காத்தி வச்சிருக்குது? பாக்காம பாஸான சேலைன்னு நாளைக்கு எங்க தெருவுல எவளாவது சொன்னா என் தறிக்கு இன்னா மரியாதை? வேணு சார் இருந்தா இப்படிப் பண்ணுவாரா?" அவள் பின்னால் திரும்பி, வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "சம்பளம் குடுத்து வச்சா, தூக்கிக் குடுத்து அனுப்பறாரு."

வரிசை முணுமுணுத்தது. சிட்டிபாபு முத்திரையைக் கீழே வைத்தான். சேலையை விரித்தான். பூதக்கண்ணாடியை எடுத்தான். குனிந்தான். ஒரு விரற்கடை நகர்ந்தான். நல்ல சேலை. மிக நல்ல சேலை. முந்திக்கு ஒரு சாண் முன்னால் ஓரிடத்தில் கண் நின்றது.

"இங்க" என்றான்.

தில்லையம்மாள் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அதான பாத்தேன்" என்றாள். "சின்னப் பையனா இருந்தாலும் கண்ணு இருக்குது." முத்திரையை மாற்றிக் குத்தச் சொல்லி, கும்பிட்டு வாங்கிக்கொண்டு, திருப்தியாகப் போனாள்.

மற்றவர்களுக்கும் பார்த்தான். பார்க்கச் சொன்னார்கள். மணி பத்து நாற்பதுக்குத்தான் தன் கடிதத்தை எடுத்து விரித்தான். பின்னால் மதிய வரிசைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் முன்கூட்டியே வந்து நின்றிருந்தார்கள். போன் அடித்தது.

"சார், சிம்ரன். மெயில் இன்னும் வரலியே சார்? இருபது நிமிஷம்தான் இருக்கு."

"ஆய்வுல இருக்குது மேடம்."

"யாரு சார் பாக்கறாங்க?"

"நான்தான்."

"அப்ப பாஸ் பண்ணிடுங்க சார்."

"பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றான் சிட்டிபாபு.

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முதல் மீட்டர் சுத்தம். வணக்கங்கள் ஒன்றுபோல் நின்றன. இரண்டாவது மீட்டரும் மூன்றாவதும் சுத்தம். பரவாயில்லையே, நம்ம கைதானா இது என்று பட்டது. 'தேறியது' முத்திரையை மையில் ஒற்றி எடுத்தும்விட்டான். நாலாவது மீட்டரின் நடுவில், 'விலகிக்கொள்ள' என்ற இடத்துக்கு நேராக, இடது கரையில் ஒரு வணக்கம் அரைக் கட்டம் கீழே இறங்கியிருந்தது. வியாழக்கிழமை சுகாசினி சாப்பிடக் கூப்பிட்டபோது எழுதியது. இந்த ஊரில் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் இருவர். ஒருவர் சனிக்கிழமை ரிட்டையர் ஆகிவிட்டார்.

முத்திரையை வைத்துவிட்டு மறுபடி பார்த்தான். அது இன்னும் இறங்கித்தான் இருந்தது. அந்தப் பக்கம் கதிர்வேல் அறையில் பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வரிசையில் ஒருவர் கழுத்தை நீட்டி, மேஜையில் விரித்திருப்பது யாருடையது என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்டார். "அவருதே" என்றார் பக்கத்தவர். "அவருதையே அவரு பாக்கறாரு. பாரு, எவ்ளோ நேரமா பாக்கறாரு."

போன் மறுபடி அடித்தது. அடித்து அடித்து, பதினொன்றுக்கு நின்றது.

சிட்டிபாபு இன்னொரு முத்திரையை எடுத்தான். நிதானமாக, கோணாமல் குத்தினான். குறை உண்டு. சரிசெய்து மறுபடி கொண்டு வரவும். மை காயும்வரை ஊதினான். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தான். காலி நாற்காலிக்கு நேராக நின்று, லேசாகத் தலை குனிந்து கும்பிட்டு, தன் கடிதத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான்.

வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.